சட்டம் கேளுங்கள்: படல் திறந்து கிடந்தால் உள்ளே போகலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

வயது 59. பனியன் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வெளிநாட்டில். கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, 150 லிட்டர் தண்ணீர் டேங்க், ரசாயனம் ஊற்றும் சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறார். போன வைகாசியில் மனைவியோடு மூன்று நாள் வெள்ளோட்டம். முதல் நாள் மூலனூர் பக்கம் ஒரு இட்டேரியில், அதாவது இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில், நுழைந்து, படல் திறந்து கிடந்த ஒரு புல்வெளியில், வேல மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இரவு எட்டரைக்கு டார்ச்சும் தடியுமாக நாலு பேர் வந்து, "யாருங்க நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று கேட்டு, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மீதி இரவு பெட்ரோல் பங்கில் கழிந்தது. மறுநாள் ஒரு கிராமத்துப் பொதுக்குழாயில் ஓஸ் மாட்டி டேங்கை நிரப்பும்போது பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நொய்யல் கரையோரக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். ஆனாலும் மனைவிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது கார்த்திகையில் பத்து நாள் கிளம்பத் திட்டம். தாராபுரம், காங்கயம், சென்னிமலை, பவானி, அந்தியூர், பர்கூர் மலை, பிறகு சத்தியமங்கலம் வழியாகத் தாளவாடி. அவர் கேட்பது நான்கு. காலி நிலத்தில் நின்றவரை விரட்ட அவர்களுக்கு என்ன உரிமை, படம் எடுத்ததற்குப் புகார் கொடுக்கலாமா? தண்ணீர் எல்லோருக்கும் பொதுதானே? புறம்போக்கில் தங்கினால் யாரும் கேட்க முடியாதல்லவா? பர்கூரிலும் ஆசனூரிலும் காட்டு ஓடை ஓரமாக இரண்டு இரவு தங்கலாமா?

அன்புள்ள ஐயா,

புகாரை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுப்பது குற்றம் ஆகாது. அது ஊரே பார்க்க மாட்டிக்கொண்டு போகிற பலகை. "மரியாதையில்லாமல் பேசினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் சொன்னதாக நீங்களே எழுதிய இரண்டு வாக்கியத்திலும் 'ங்க' இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த 'ங்க' உதிராதவரை நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நீங்கள் டவுனில் வளர்ந்தவர். தோட்டத்து வீட்டில் இருட்டிய பிறகு ஒரு அந்நிய வண்டியின் வெளிச்சம் தெரிந்தால் இப்போதெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 நவம்பரில் பல்லடத்துக்குப் பக்கத்தில் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி பக்கம் தனியாக இருந்த ஒரு வயதான தம்பதி. அதற்குப் பிறகு அரை மைலுக்கு ஒரு வீடு என்று இருக்கிற ஊர்களில் சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். உங்களைத் தேடி வந்த நாலு பேரும் பயந்துபோய் வந்தவர்கள். ஒருவராக வரத் துணியாமல் பக்கத்துத் தோட்டத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அது காலி நிலம் அல்ல, கொறங்காடு

நீங்கள் வர்ணித்த இடம் எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், ஒரு மூலையில் சிமெண்டுத் தண்ணித் தொட்டி. காங்கயம், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற மேய்ச்சல் காடு அது. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் அதில்தான் வளர்கின்றன. உழவு இருக்காது, பயிர் இருக்காது, ஆள் நடமாட்டமும் இருக்காது. வெளியூர்க் கண்ணுக்குத் தரிசு மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஏக்கருக்கும் பட்டா இருக்கிறது. மழைக்குப் பிறகு புல் தலையெடுக்கட்டும் என்று வேண்டுமென்றே ஒரு பகுதியில் மாடு விடாமல் வைத்திருப்பார்கள். அந்தப் புல்லின் மேல்தான் உங்கள் வேன் ஏறியிருக்கிறது.

படல் திறந்து கிடந்தது என்கிறீர்கள். சாயங்காலம் பட்டியை ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்து சாத்துவதற்காகத் திறந்து வைத்திருப்பார். சட்டத்தில் திறந்த கதவு அழைப்பு ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு, பிறர் அனுபவத்தில் உள்ள இடத்தில் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைவதைக் குற்ற அத்துமீறல் என்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு அப்படி எண்ணம் இல்லை. அதனால் நுழைந்தது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முறையாக உள்ளே வந்தவர்கூட அதே எண்ணத்தோடு வெளியேற மறுத்து அங்கேயே இருந்தால் இதே பிரிவு பாயும். "போங்க" என்று சொன்ன பிறகு வீம்புக்கு உட்கார்ந்திருந்தால், தொந்தரவு கொடுக்கத்தான் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட நீங்களே வழி செய்து கொடுத்தது மாதிரி ஆகும். கிளம்பிப் போனீர்கள், நல்லதாயிற்று. குற்றம் இல்லாவிட்டாலும் சிவில் அத்துமீறல் எப்போதும் உண்டு. வேன் உரசிக் கிளுவை முறிந்திருந்தால் நஷ்ட ஈடும் கேட்கலாம்.

இதற்கு மருந்து ஒரே ஒரு கேள்வி. 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் செய்தால் சட்டவிரோதமாகிற ஒரு காரியத்தை இன்னொருவர் நிலத்தில் செய்ய, நிலத்துக்காரர் கொடுக்கும் அனுமதிக்கு அங்கே உரிமம் என்று பெயர். பத்திரம் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். "நிறுத்திக்கங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அப்போது மூட்டை கட்டிக் கிளம்ப உங்களுக்கு நியாயமான நேரம் கொடுக்க வேண்டும் என்று 63ஆவது பிரிவு சொல்கிறது. எட்டரை மணிக்கு உங்களுக்கு அந்த நேரம் கிடைக்காததற்குக் காரணம், முதலில் அந்த வார்த்தையே வாங்காததுதான்.

அனுமதி வாங்கியதும் அவர் நம்பருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். "ஐயா, நீங்க சொன்னபடி இன்னைக்கு ராத்திரி மட்டும் உங்க களத்துல வண்டிய நிறுத்தறோம், காலைல எட்டு மணிக்குக் கெளம்பிருவோம்." அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் உங்களுக்கு ஆதாரம், அவருக்கும் நிம்மதி.

யாரைக் கேட்பது என்பதில் எச்சரிக்கை வேண்டும். பட்டா ஒருவர் பேரில் இருக்கும், மேய்ச்சலைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறொருவராக இருப்பார். இடம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர் சம்மதம்தான் முக்கியம். அண்ணன் "தாராளமா நில்லுங்க" என்பார், பங்கு பிரியாத தம்பி காலையில் வந்து குதிப்பார். எங்கள் ஊர்க் கோர்ட்டுகளில் பாதி வழக்கு பங்காளி வழக்குதான். "இடத்துல ஏதாச்சும் கேஸ் கீஸ் இருக்குதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். இருந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போங்கள். உங்கள் வேன் நிற்கிற படம் இன்னொருவர் வழக்கில் அனுபவத்துக்குச் சாட்சியாகப் போவதை நான் பார்க்க விரும்பவில்லை.

புறம்போக்கு என்றால் ஆளில்லாத நிலமா?

இல்லை. அரசுக்குச் சொந்தமான நிலம். அதிலும் ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி. ஊர் எதற்கு அதைப் பயன்படுத்துகிறதோ அதற்கு நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. ஒரு இரவு நின்றதற்காக 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் யாரும் நோட்டீஸ் கொடுக்கப் போவதில்லை. ஆனால் மந்தைவெளியில் காலை ஆறு மணிக்கு மாடு வரும், ஊரே வரும். கிராம நிர்வாக அலுவலரை, அதாவது எங்கள் பக்கத்து மணியகாரரை, பகலிலேயே பார்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சர்வே எண்ணையும் நில வகையையும் தமிழ்நிலம் இணைய வரைபடத்தில் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். செல்போன் வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் பூங்கா என்று நினைக்காதீர்கள். அது கொறங்காடாகவும் இருக்கும், காப்புக்காடாகவும் இருக்கும்.

இட்டேரியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அகலம். சில இட்டேரிகள் கணக்கில் வண்டிப்பாதை. சில இரண்டு தோட்டத்தாரும் தங்கள் பட்டா நிலத்தில் விட்டுக்கொடுத்த தடம். எதுவானாலும் உங்கள் வேன் உள்ளே போனால் திரும்ப இடமிருக்காது. பின்னாலேயே வர வேண்டும். காங்கயம் பக்கம் செம்மண்ணும் சரளையும் ஓரளவு தாங்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல், மழை பெய்த மறுநாள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்புறம் டிராக்டர்காரரைத் தேட வேண்டியிருக்கும். இட்டேரியைப் பார்த்தால் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் யாருடையது

குடிநீர் பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவை வைத்து நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அது அரசின் தலையில் விழுகிற கடமை. எந்தக் குழாயிலும் ஓஸ் மாட்டலாம் என்ற சாவி அல்ல. கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும், தன் நிலத்துக்கு அடியில் இருப்பதை எடுக்க நிலத்துக்காரருக்கு உள்ள உரிமையில் வருகிறது. வாய்க்கால் தண்ணீர் அரசுடையது. ஆனால் அதன் ஒவ்வொரு சொட்டுக்கும் முறை இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் திறப்பார்கள். கடைமடைக்காரர் நாளை எண்ணிக்கொண்டு காத்திருக்கிற அந்த வாய்க்காலில் சின்ன மோட்டார் போட்டுப் பாருங்கள். அதிகாரி வருவதற்கு முன்னால் விவசாயிகள் வந்துவிடுவார்கள். ஒரு குடம் மொண்டு பாத்திரம் கழுவினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கரையில் இறங்காதீர்கள். காங்கிரீட் போட்ட இடங்களில் சரிவு பாசி பிடித்திருக்கும், இழுப்பும் அதிகம். கரைமேல் போகிற தடமும் நீர்வளத் துறை பார்வையிடப் போட்டது. இரவு தங்க அல்ல.

குழாயடிச் சண்டைக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. உங்கள் டேங்க் 150 லிட்டர். மூன்று பேருடைய ஒரு நாள் பங்கை ஒரே மூச்சில் உறிஞ்சியிருக்கிறீர்கள். அதுவும் கூட்டுக் குடிநீர் முறை வைத்து வருகிற ஊரில், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற பெண்களுக்கு முன்னால். சட்டப் பிரிவு தேடவே வேண்டாம், அவர்கள் சொன்னதுதான் சரி. ஊராட்சித் தலைவரையோ, டேங்குக்குத் தண்ணீர் ஏற்றிவிடுகிறவரையோ முன்கூட்டிக் கேட்டால், முறை முடிந்த பிறகு மேல்நிலைத் தொட்டிக்கடியில் பிடித்துக்கொள்ளச் சொல்லுவார்கள். ஆட்டுக்கு வைத்த தண்ணித் தொட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது நிரம்பியிருப்பது சாயங்காலம் திரும்பி வருகிற ஐம்பது ஆட்டுக்காக.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. தோட்டத்துக்காரர் நல்ல மனதோடு "மோட்டார் ரூமில் ஒயரைச் சொருகிக்கங்க" என்பார். வேண்டாம். விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். அது பாசனத்துக்கு மட்டும். கேரவன் பேட்டரிக்கும் மின்விசிறிக்கும் அதை எடுத்தால் 2003ஆம் வருடத்து மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற உபயோகம் ஆகிவிடும். அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். பில் உங்களுக்கு வராது, உங்களுக்கு இடம் கொடுத்தவருக்கு வரும். வீட்டு இணைப்பில் எடுத்துக்கொண்டு காசு கொடுத்துவிடுங்கள்.

கொதிக்கவைத்த தண்ணீர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு மருத்துவக் காரணம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். நொய்யலில் சாயப்பட்டறைக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும், 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதைப் பற்றியும் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவருக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. அந்தக் கரையோரக் கிணறுகளில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. அதைத் தாண்டினால் சப்பைத் தண்ணி என்று ஒதுக்கிவிடுங்கள், பாத்திரத்துக்கும் குளிக்கவும் ஆகும். மீட்டர் கிருமியைக் காட்டாது, பூச்சிமருந்தைக் காட்டாது. குறைவாகக் காட்டினாலும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.

ஐயா, கணக்குப் பார்த்தவர் நீங்கள், இதையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு பேருக்கு ஒரு நாளுக்கு 12 லிட்டர் வைத்துக்கொண்டால் பத்து நாளைக்கு 120 லிட்டர். இருபது லிட்டர் கேன் ஆறு. அதில் மூன்றைக் கையோடு வைத்துக்கொண்டு காங்கயத்திலும் பவானியிலும் மாற்றிக்கொண்டால் முடிந்தது. கழுவ, குளிக்க ஒரு நாளுக்கு 35 லிட்டர் என்றால் டேங்க் நாலு நாள் தாங்கும். பத்து நாளில் வழியில் இரண்டே தடவை நிரப்பினால் போதும். ஒன்பது பக்கக் கடிதத்தில் ஐந்து பக்கம் தண்ணீர்க் கவலை. அது இரண்டு தடவை கேட்கிற கேள்விதான்.

காட்டு ஓடை: இங்கே மட்டும் நான் கண்டிப்பு

பர்கூர் மலை முன்பு காப்புக்காடாக இருந்தது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,000 ஹெக்டேர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆசனூரும் தாளவாடிப் பாதையும் 2013இல் அறிவித்த சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. "ரோடு பொது ரோடுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27ஆவது பிரிவு, பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவருக்குத் தனி அனுமதி தேவையில்லை என்கிறது. கடந்து போவதற்குத்தான் அந்த விலக்கு. ரோட்டை விட்டு ஓடைக்கு இறங்கிய நிமிடத்தில் அது போய்விடுகிறது. 51ஆவது பிரிவில் தண்டனை மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தீ மூட்டினால் அது தனிக் கணக்கு.

சட்டத்தை விடுங்கள். கார்த்திகையில் அந்த ஓடைக்கு நீங்கள் மட்டும் தண்ணீருக்கு வரப் போவதில்லை. வரட்டுப்பள்ளம் அணைக்குச் சாயங்காலம் யானை இறங்குவதை ரோட்டிலிருந்தே எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். உங்கள் வேனில் உப்பும் வெல்லமும் பழமும் இருக்கும். அந்த வாசனைக்கு முன்னால் கேரவனின் தகரம் ஒரு பொருட்டே அல்ல.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. உங்கள் வண்டி மாதிரி இலகு வாகனங்களுக்கு இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. கிளம்பும் அன்று பண்ணாரிச் சோதனைச் சாவடியில் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் ஏறி, தாளவாடி ஊருக்குள் போய் அங்கே இரவு தங்குங்கள். வனத்துறை விடுதி வேண்டுமென்றால் முன்கூட்டியே அவர்களிடம் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கும் யானைக்கும் கம்பி வேலி இருக்கும். முறையான சோலார் வேலி அடித்துத் தள்ளும், உயிரை எடுக்காது. நேரடியாகக் கரண்டு கொடுத்த திருட்டு வேலி எடுத்துவிடும். இருட்டில் ஒதுங்க வேலியோரம் போகாதீர்கள்.

பின்னே எங்கேதான் நிற்பது?

கல்யாண மண்டபம். வெளியூர்க்காரர் யாருக்கும் இது தோன்றாது. எங்கள் பக்கம் சின்ன ஊரிலும் மண்டபம் உண்டு. பெரிய வாசல், போர், குளியலறை, கழிப்பறை, வாட்ச்மேன் எல்லாம் இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கும். ஒரு தொகை பேசிக்கொண்டு உள்ளே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ரசாயனக் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யவும் அங்கே செப்டிக் டேங்க் இருக்கிறது. ஆனால் எந்த ரசாயனம் என்று சொல்லி, ஒப்புதல் வாங்கிவிட்டு ஊற்றுங்கள். சில மருந்துகள் டேங்கில் வேலை செய்கிற நுண்ணுயிரைக் கொன்றுவிடும். ஓடையிலோ குளத்திலோ கொட்டினால் நியாய சன்ஹிதா 279ஆவது பிரிவு, பொது நீர்நிலையைக் கெடுத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் நான் உங்கள் பக்கம் வாதாட வரமாட்டேன்.

இதனால்தான் ஒரு யோசனை. பயணத்தைக் கார்த்திகையிலிருந்து மார்கழிக்குத் தள்ளுங்கள். கார்த்திகையில் முகூர்த்தமும் உண்டு, மழையும் முழுசாக ஓய்ந்திருக்காது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் காலி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அடங்கியிருக்கும். ஆனி ஆடியில் தாராபுரம் பக்கம் நீங்கள் வெளியே விரிக்கிற அந்தத் துணிப்பந்தல் ஒரு மணி நேரம் தாங்காது.

கோயில் ஊர்களில் சிவன்மலை, சென்னிமலை, பவானி எங்கும் செயல் அலுவலர் அலுவலகத்தில் பகலில் கேளுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் இரவு இருக்கலாமா, தங்கும் விடுதி அறை இருக்கிறதா என்று. பவானிக் கூடுதுறையில் மணலில் இறங்கி நிறுத்துகிற ஆசை வரும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் கரைக்கே தெரியாமல் ஏறும். பெட்ரோல் பங்கும் மோசமில்லை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கலாம். தூக்கம்தான் வராது.

தோட்டத்தில் நிற்கத்தான் ஆசை என்றால், அதுவும் கிடைக்கும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் திண்ணையும் தண்ணீரும் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், நாலு நாலரைக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் இறக்கி வாசலில் நிற்க வையுங்கள். உங்கள் சொந்த ஊர் எது, யார் வகை என்று இரண்டு கேள்வி வரும், சங்கடப்படாமல் பதில் சொல்லுங்கள். சாதி வரைக்கும் கேள்வி நீளுகிற இடமும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் வண்டியை எடுங்கள். ஆதார் நகலைக் கேட்பதற்கு முன்னால் நீங்களே காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று

வேனின் சீட்டுகளைக் கழற்றியதை ஆர்சி புத்தகத்தில் ஏற்றிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சோதனையில் நிறுத்தினால் அபராதத்தோடு போகலாம். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுக்கப் போவது இந்த ஆர்சியைத்தான். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், கேரவனாகப் பதிவு மாற்ற என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். செய்த வேலையில் சிலதைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கலாம். காப்பீட்டுக்காரருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாள் குறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரவுக்கு இடம் எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தால், மூலனூருக்கே போங்களேன். அதே கொறங்காடு, அதே ஆள். போகும்போது கிளுவை முறிந்திருந்ததா என்று கேளுங்கள், முறிந்திருந்தால் ஆள் கூலியைக் கொடுங்கள். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இட்டேரியில் நடந்து போய், படலுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். நாய் இருக்கும்.